சக்களத்தி மூழ்கும் தேதி

மார்ச் 4

மாண்புமிகு கப்பல்காரர் அவர்களுக்கு,

வீட்டுல இருக்கிறவ எழுதிக்கிறது. நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். அங்க போனா நல்லாத்தான் இருப்பீங்க. இங்க இருந்தப்பதான் எட்டு மாசமா பல்வலிக்காரன் மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க.

முதல்ல ஒண்ணு. மருந்துக்கடைக்கு போன் பண்ணாதீங்க. போன வாரம் நீங்க பண்ணினப்ப, அந்த மனுஷன் தெருவுக்கே கேக்கற மாதிரி "அம்மா, உங்க வீட்டுக்காரர்!"னு கத்தினாரு. தைச்சுக்கிட்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே மெஷின்ல விட்டுட்டு ஓடினேன். ஓடி வந்து எடுத்தா நீங்க "ம்"ங்கறீங்க. நான் என்ன கேட்டாலும் "ம்". அந்த "ம்"முக்கு ஒரு போனா? மாத்திரை வாங்க நிக்கிறவங்க முன்னாடி எனக்கு அழவும் முடியாது, திட்டவும் முடியாது. அதனால எழுதுங்க. இருபத்தாறு வருஷம் கடுதாசியிலதானே குடும்பம் நடத்தினோம். நமக்கு அதுதான் வரும்.

நடந்ததை ஒரு தடவை எழுத்துல வச்சுடறேன். நாளைக்கு நீங்க மாத்திப் பேசக் கூடாது. போன வருஷம் உங்க கப்பலுக்கு வயசாயிடுச்சுன்னு கடற்படைல இருந்து கழிச்சுக் கட்டினாங்க. துறைமுகத்தையும் மூடினாங்க. உங்களையும் மாலை போட்டு அனுப்பினாங்க. டிரங்குப் பெட்டியோட வாசல்ல நின்னு "இனிமே எங்கேயும் போக மாட்டேன்"னு சொன்னது நீங்க. நம்பினது நான். அப்புறம் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட இருந்து கடுதாசி வருது. கப்பலைக் கடல்ல இறக்கி மீனுங்க குடியிருக்க விடப் போறாங்களாம், அதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணுமாம், அவ வயித்துல எந்தக் குழாய் எங்க போகுதுன்னு தெரிஞ்ச ஆளு வேணுமாம். நீங்க கடுதாசியை முழுசாக்கூடப் படிக்கல. பெட்டியை இறக்கிட்டீங்க. போனா அங்கேயே இருந்துக்குங்கன்னு நான் சொன்னேன். அதுக்கும் "ம்"னுட்டுப் போயிட்டீங்க.

இப்ப விஷயம். வீட்டு ஓனர் கேட்டுட்டாரு, இருக்கப் போறீங்களா, காலி பண்றீங்களான்னு. ஏப்ரல் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நாம பெத்த பாப்பா தன்னோட வந்து இருக்கச் சொல்லி நச்சரிக்கிறா. அவ வீட்டுல சமையலறைக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு, ஒரு கட்டில் போடலாம். எனக்குன்னா போதும், நமக்குன்னா பத்தாது.

அதனால கேட்டுக்குங்க. ஏப்ரல் கடைசிக்குள்ள வந்து, "இனி இங்கதான்"னு உங்க வாயால சொன்னா இந்த வீடு இருக்கும். இல்லன்னா சாவியைக் கொடுத்துட்டு நான் பாப்பாகிட்டப் போயிடுவேன்.

பேர் போட மாட்டேன். கையெழுத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்குங்க.


மார்ச் 11

வீட்டம்மாவுக்கு,

கடுதாசி வந்துச்சு. "மாண்புமிகு"வைப் பார்த்துட்டு பீப்பாய் இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கான். பாய்லர்ல என்னோட இருந்த அதே பீப்பாய்தான், நம்ம கல்யாணத்துல ரெண்டு தடவை சாப்பிட்டவன். அவனும் இந்த வேலைக்கு வந்திருக்கான்.

இங்க தளம்னு சொல்லிக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. கேட்டுல ஒரு காவல்காரர், அவருக்குத் துணையா ஒரு நாய். கேன்டீன் கதவுல பலகை அடிச்சிருக்காங்க. நாங்க வரிசையா நின்ன மைதானத்துல புல்லு முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு. கடற்கரைச் சுவர் ஓரமா கப்பல் மட்டும் தனியா நிக்குது.

வேலை இதுதான். கதவையெல்லாம் கழட்டறோம். அறைக்கு அறை சுவத்துல பெரிய ஓட்டையா வெட்டறோம், கீழ முங்கிப் பார்க்க வர்றவங்க உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு. ஒயர் எல்லாம் உருவியாச்சு. எண்ணெய்தான் பெரிய வேலை. ஒரு சொட்டு இருந்தாலும் மீனுக்கு ஆகாது. அதிகாரி ஒருத்தர் வெள்ளைத் துணியோட வந்து தேய்ச்சுப் பார்ப்பாரு. துணி கறுத்தா மறுபடி துடைக்கணும். முதல் தடவை அந்தத் துணி கல்யாணத்தப்ப இருந்த என் தலையை விடக் கறுப்பா இருந்துச்சு.

எட்டு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன்னு எழுதியிருக்க. சட்டையைக் கழட்டினா மாட்டறதுக்கு அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஆணி இல்ல. நாற்காலி மேல போட்டேன். நீ அதை மடிச்சு என் பெட்டியிலேயே திரும்ப வச்ச. ஊருக்குப் போற விருந்தாளிக்குச் செய்யற மாதிரி இருந்துச்சு.

ஏப்ரல் இருபதுக்குள்ள முடிஞ்சுடும். வந்துடுவேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 17

கல்லுளிமங்கனுக்கு,

ஆணியா? ஒரு ஆணிக்கா இவ்வளவும்? ஒரு யுத்தக் கப்பலையே கழட்டி மாட்டின கைக்கு, சுவத்துல ஒரு ஆணி அடிக்க என்கிட்ட உத்தரவு வேணுமா? சுத்தியல் தண்ணித் தொட்டிக்கு மேல பலகையிலதான் இருக்கு, இருபது வருஷமா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்க கேட்டீங்க? பாத்திர மூடியையெல்லாம் கயிறு போட்டுக் கட்டி வச்சீங்க, வீடு ஆடப் போகுதுன்னு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, காவலுக்கு ஆள் மாத்தற மாதிரி என் கட்டில் பக்கத்துல வந்து நின்னீங்க. நான் பேயோன்னு பயந்துட்டேன்.

பீப்பாய் பொண்டாட்டி எனக்கு எழுதியிருக்கா. எல்லாம் தெரிஞ்சுபோச்சு. கரையில ரூம் கொடுத்திருக்காங்களாம், நீங்க கப்பல்லதான் படுக்கறீங்களாம், உங்க பழைய இடத்துலயே. அதிகாரி சரின்னு சொல்லிட்டுப் போன இன்ஜின் ரூமை மறுபடி மறுபடி துடைக்கறீங்களாம். அரைச்ச மாவையே அரைக்கறதுக்கு ஒரு கான்ட்ராக்ட்!

சக்களத்தி ஒரு பொம்பளையா இருந்தா தலைமுடியைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன். இரும்புகிட்டப் போயி என்ன கேக்கறது? வருஷா வருஷம் குடும்பத்தைக் கப்பலுக்குக் கூட்டிப் போய்க் காட்டற நாள்னு ஒண்ணு வைப்பாங்களே, ஒரு தடவையாவது நான் வந்தேனா? பாப்பாவை பீப்பாய் பொண்டாட்டியோட அனுப்பிட்டு நான் தலைவலின்னு படுத்துக்குவேன். ஒரு தடவை கூடத் தலைவலி இல்ல. அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு ஒரு வைராக்கியம்.

எழுத வந்துட்டேன், இதையும் எழுதிடறேன். லீவுல வருவீங்க. நான் நாலு நாள் முன்னாடியே தலைகாணி உறை எல்லாம் புதுசா தைச்சு வைப்பேன். நீங்க படுத்ததும் சுவத்துப் பக்கம் திரும்பி, முழங்காலைச் சுவத்துல முட்டுக் கொடுத்து, முதுகை என் மேல இடிச்சுக்கிட்டுத் தூங்கிடுவீங்க. முதல் வருஷம் அலுப்புன்னு நினைச்சேன். அப்புறம் நான்தான் பிடிக்கலையோன்னு நினைச்சேன். போன வருஷம் வந்து மொத்தமா தங்கினப்பவும் அதே முதுகுதான். ஒருத்திக்கு இதை யார்கிட்டப் போய்க் கேக்கத் தோணும், சொல்லுங்க?

அதே ஆளுதான்


மார்ச் 26

வீட்டம்மாவுக்கு,

நான் எப்படிப் படுக்கறேன்னு எனக்குத் தெரியாது. தூங்கறவனுக்கு என்ன தெரியும்? ஆனா அந்த வரியைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரல. உன்னைப் பிடிக்காம இருந்தது ஒரு நாளும் இல்ல. இதை எழுதவே கை கூசுது, இருந்தாலும் எழுதறேன்.

துடைச்ச இடத்தைத் துடைக்கறேன், உண்மைதான். இன்ஜின் ரூம்ல இப்ப ஒரு சத்தம் இல்ல. ஓடின காலத்துல எந்த வால்வு முனகினாலும் தூக்கத்துல இருந்தே எழுந்துடுவேன். எது சூடாகுது, எது தேயுதுன்னு கையை வச்சுப் பார்க்காமலே சொல்லுவேன். வீட்டுல எனக்கு ஒண்ணும் புரியல. நீ பேசிக்கிட்டே இருப்ப, திடீர்னு நிறுத்துவ. ஏன் நிறுத்தினன்னு எட்டு மாசத்துல ஒரு தடவை கூட என்னால கண்டுபிடிக்க முடியல. கேக்கவும் பயம். கேட்டா, "இது கூடத் தெரியலையா"ன்னு நீ சொல்லிடுவியோன்னு.

கப்பல்ல இருந்தப்ப உன்னை நினைச்சுக்கிட்டு இருக்கத் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து உன்கூட இருக்கத் தெரியல. இதுதான் விஷயம். இங்க வந்த பிறகு மறுபடி நினைச்சுக்கிட்டு இருக்கேன். இதுல எனக்கு என்ன சுகம்னு நீ கேப்ப. சுகம் இல்ல, பழக்கம்.

தேதி வச்சுட்டாங்க. ஏப்ரல் இருபது, காலையில. இழுவைப் படகு கட்டி வெளியில கொண்டு போயி இறக்கப் போறாங்க. பழைய ஆளுங்க, குடும்பத்தோட பார்க்கறதுக்கு ஒரு படகு விடறாங்க. நீ வாயேன். ஒரே ஒரு தடவை. அவ போனதும் ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வரலாம்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

என்னங்க,

சக்களத்தி சாவுக்கு வந்து மாரடிக்கச் சொல்றீங்களா? நான் வர மாட்டேன். வைராக்கியம்னா வைராக்கியம்தான்.

உங்க கடுதாசியை மெஷின் பக்கத்துல வச்சுப் படிச்சுக்கிட்டே தைச்சேன். "உன்கூட இருக்கத் தெரியல"ங்கற இடத்துல ஊசி விரல்ல ஏறிடுச்சு. ஏங்க, எனக்கு மட்டும் தெரியுமா? தனியாவே இருந்து பழகினவ நான். காலையில எழுந்து கூடத்துல ஒரு ஆம்பளை நிக்கறதைப் பார்த்து நானும்தான் திடுக்கிட்டேன். என் வீட்டுல என் டம்ளரை யாரோ இடம் மாத்தி வைக்கறாங்களேன்னு எரிச்சலும் பட்டேன். அப்புறம் அந்த யாரோ நீங்கதான்னு நினைவு வந்து, அடுப்பாங்கரையில நின்னு தனியா சிரிச்சிருக்கேன். அதை உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாம். சொல்லல.

சாமானைக் கட்ட ஆரம்பிச்சுட்டேன். பயமுறுத்தறதுக்கு இல்ல, நிஜமாத்தான். ஓனர் இருபத்தெட்டாம் தேதி காலையில வர்றாரு. பதில் வேணும், இல்லன்னா சாவி வேணும். பாப்பா டிக்கெட்டும் எடுத்து அனுப்பிட்டா.

இருபதுக்கு அவ போறா. இருபத்திரெண்டுக்கு நீங்க இந்த வாசல்ல நிக்கணும். நான் கட்டினதையெல்லாம் நீங்கதான் அவிழ்க்கணும்.

அதே ஆளுதான்


ஏப்ரல் 16

வீட்டம்மாவுக்கு,

கோவப்படாம படி. கடல் சரியில்ல. இழுத்துக்கிட்டுப் போக முடியாதுன்னு தேதியைத் தள்ளிட்டாங்க. எனக்கு எழுதவே பிடிக்கல. இருபத்தெட்டாம் தேதி காலையில வச்சிருக்காங்க.

இருபத்தெட்டு இங்க இருந்தா அங்க இருக்க முடியாது. எனக்கும் கணக்குத் தெரியும். ஆனா கப்பலுக்கு அடியில கடல் தண்ணியை உள்ள விடற வால்வை என்னைத்தான் திறக்கச் சொல்றாங்க. பழைய ஆளு கையால நடக்கட்டும்னு கான்ட்ராக்டர் சொல்றாரு. நான் வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல.

ஓனர்கிட்ட ரெண்டு நாள் தவணை கேட்டுப் பாரேன்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 20

தவணை கேக்க மாட்டேன். பாப்பா பொறந்தப்ப உங்களுக்குத் தவணை கொடுத்தேன், அவ உக்காரப் பழகின பிறகுதான் வந்தீங்க. என் அம்மா போனப்ப கொடுத்தேன். இந்த வீட்டுக்குக் குடி வந்தப்ப, சாமானை இறக்க அந்த மருந்துக்கடைக்காரர் வந்தாரு, நீங்க வரல. என் வாழ்க்கையே தவணையில போச்சு.

பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவலா? ஒண்ணு அங்க நில்லுங்க, இல்ல இங்க நில்லுங்க. வாங்கன்னும் சொல்ல மாட்டேன், வராதீங்கன்னும் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்க வந்தா அதுல எனக்கு என்ன இருக்கு?


ஏப்ரல் 26

வீட்டம்மாவுக்கு,

கப்பல் தளத்துல இருக்கற என் விலாசத்துக்கு நானே எழுதறேன். உலகத்துல இப்படி ஒரு பைத்தியக்காரன் இருப்பானான்னு தெரியல.

உன் கடுதாசி கிடைச்ச சாயங்காலமே வண்டி ஏறிட்டேன். வால்வை பீப்பாய்கிட்ட காட்டிக் கொடுத்துட்டேன். கான்ட்ராக்டர் கத்தினாரு. திரும்பிப் பார்க்காம நடந்து வந்துட்டேன், பார்த்தா நின்னுடுவேன்னு. இன்னைக்குக் காலையில வந்து பார்த்தா வீடு பூட்டியிருக்கு. சாவி கொடுத்துட்டு பாப்பாகிட்டப் போயிட்டன்னு நினைச்சேன். வாசப்படியில அப்படியே உக்காந்துட்டேன்.

மருந்துக்கடைக்காரர்தான் ஓடி வந்தாரு. "என்ன சார் நீங்க இங்க இருக்கீங்க? அம்மா உங்களைப் பார்க்கத்தானே அங்க போயிருக்காங்க!"ன்னாரு. நான் ஏறின அன்னைக்கே நீயும் ஏறியிருக்க. வழியில எங்கேயோ ரெண்டு வண்டியும் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிருக்கு. உன் கோவத்தை நான் நம்பினேன், என் பிடிவாதத்தை நீ நம்பியிருக்க.

சாவி அவர்கிட்டத்தான் இருந்துச்சு. ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி அவர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. "புயல்ல பம்பு நின்னுபோயி, ஒத்தை ஆளா நாள் முழுக்கக் கையால தண்ணி இறைச்சுக் கப்பலையே காப்பாத்தினீங்களே சார், அந்தக் கையா இது?"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அன்னைக்குப் பம்பு நின்னது நிஜம். ஒரு மணி நேரம் இறைச்சோம், எட்டுப் பேரு. புயல் இல்ல, தூறல் கூட இல்ல. உனக்கு நாலு வரியில எழுதினேன், அவ்வளவுதான்.

பின்னாடியே இஸ்திரி போடறவர் வந்து, சுறா மீன் கதையைக் கேட்டாரு. என்ன சுறா? தெருவே என்னைப் பார்க்க வந்துடுச்சு. எட்டு மாசம் இங்க இருந்தேன், இது எதுவும் எனக்குத் தெரியல. தெரு முனைக்குக் கூடப் போகாம உள்ளயே உக்காந்திருந்தா எப்படித் தெரியும்? அடிப்பாவி, எனக்கு எழுதினா திட்டு, தெருவுக்கெல்லாம் என்னைப் பத்திப் புராணம்! நீ சொன்ன ஆளு நான் இல்லம்மா. ஆனா அந்த ஆளை நீ எவ்வளவு ஆசையா சொல்லியிருக்கன்னு எல்லார் முகத்துலயும் தெரிஞ்சுது.

உள்ள வந்தேன். எல்லாம் கட்டி வச்சிருக்க. மெஷினைக் கூடப் போர்வையில சுத்தியிருக்க. நீ திரும்பி இங்க வருவியா, அப்படியே பாப்பாகிட்டப் போயிடுவியான்னு கேட்டேன், மருந்துக்கடைக்காரருக்குத் தெரியல. போயிடாத. உன்னைக் கேட்டுக்கறேன், போயிடாத.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 26

என்னங்க,

எங்க உக்காந்து எழுதறேன் தெரியுமா? உங்க படுக்கையில. எந்தப் படுக்கைன்னு கேக்காதீங்க. கப்பல்லதான்.

கேட்டுல பீப்பாய் என்னைப் பார்த்ததும் தலையில கை வச்சுக்கிட்டாரு. "அண்ணி, அவன் வீட்டுக்குப் போயிட்டானே!"ன்னாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சொன்ன நேரத்துல வீட்டுக்குப் போயிருக்கீங்க, அன்னைக்குப் பார்த்து நான் இல்ல!

உண்மையைச் சொல்லிடறேன். உங்களையும் அவளையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்துட்டு, அப்படியே பாப்பா ஊருக்குப் போயிடறதாத்தான் வந்தேன். டிக்கெட் பையில இருக்கு.

பீப்பாய் கையைப் பிடிச்சுப் பலகை மேல ஏத்தி விட்டாரு. ஏறினதும் எனக்குத் தோணினது, இவ்வளவு சின்னவளா? இவளுக்கா நான் இத்தனை வருஷம் பொறாமைப்பட்டேன்? கதவில்லாம, ஒயரில்லாம, உடம்பெல்லாம் ஓட்டையா, மூளியா நிக்கறா. வெட்டின ஓட்டை வழியா வெயில் அறைக்கு அறை விழுது. திட்டறதுக்கு வாயில நிறைய வச்சிருந்தேன், ஒண்ணும் வரல. உங்க இன்ஜின் ரூம் என் சமையலறையை விடச் சுத்தமா இருக்கு.

உங்க இடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு அலமாரித் தட்டு மாதிரி இருக்கு. இதுலயா மனுஷன் படுப்பான்? பீப்பாய் வெளியில போனதும் படுத்துப் பார்த்தேன். ஏதோ படகு பக்கத்துல போச்சு, கப்பல் ஒரு ஆட்டு ஆடுச்சு, நான் உருண்டு கீழ விழப் பார்த்தேன். விழாம இருக்க உடம்பு தானா என்ன பண்ணுச்சு தெரியுமா? சுவத்துப் பக்கம் திரும்பி முழங்காலை முட்டுக் கொடுத்துச்சு. முதுகை ஓரத்துக் கம்பியில அழுத்திக்கிட்டுச்சு.

அப்படியே கிடந்தேன் ரொம்ப நேரம். இங்க உங்க முதுகுக்கு அந்தக் கம்பி. வீட்டுல அந்த இடத்துல நான் இருந்திருக்கேன். விழாம இருக்கத்தான் என் மேல சாய்ஞ்சிருக்கீங்க. நான் அதைப் போயி பிடிக்கலைன்னு கணக்குப் போட்டு, இருபத்தாறு வருஷம் தலைகாணி உறையை நனைச்சேன். உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நல்ல ஜோடி!

இருபத்தெட்டு காலையில ஓனர்கிட்ட சாவியைக் கொடுத்துடுங்கன்னு மருந்துக்கடையில சொல்லிட்டு வந்தேன். நீங்க அங்க இருந்தா கொடுக்க விடாதீங்க. அவரு காலி பண்றீங்களான்னு கேட்டா வாயைத் திறந்து பேசுங்க. "ம்"னுடாதீங்க, அவரு அதைச் சரின்னு எடுத்துக்குவாரு. இந்தக் கடுதாசி அதுக்குள்ள கிடைக்காதுன்னு எனக்கும் தெரியும். கடைத்தெருவுல போன் இருக்கு. கேட் வரைக்கும் போனேன், திரும்பிட்டேன். நான் சொல்லிக் கொடுத்து நீங்க பேசினா அது என் பேச்சு. எனக்கு உங்க பேச்சுதான் வேணும்.

உங்க கடுதாசி வர்ற வரைக்கும் கரையில உங்களுக்குக் கொடுத்த ரூம்லதான் இருப்பேன். வீடு இருக்குன்னா அங்க வருவேன். இல்லன்னா இருக்கவே இருக்கு பையில டிக்கெட்.

அதே ஆளுதான்


ஏப்ரல் 28

வீட்டம்மாவுக்கு,

ஓனர் வந்துட்டுப் போயிட்டாரு. நடந்தது எல்லாம் மறக்கறதுக்கு முன்னாடி எழுதறேன்.

வாசல்ல நின்னு, "என்ன சார், காலி பண்றீங்கதானே?"ன்னாரு. வழக்கமா வர்ற "ம்" உதடு வரைக்கும் வந்துடுச்சு. விழுங்கினேன். "இல்ல, நாங்க இருக்கோம்"னேன். "அம்மா போறதா சொன்னாங்களே?"ன்னாரு. "அவங்க கோவத்துல சொன்னாங்க. கோவம் என் மேலதான், உங்க வீட்டு மேல இல்ல. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கப் போறோம். நான் இனி எங்கேயும் போகல"ன்னேன். அவர் போகப் பார்த்தாரு, நான் விடல. பின்பக்கத்துல தண்ணி போற குழாய் அடைச்சுக்கிட்டிருக்கு, அதைப் பத்திப் பேசினேன். மாடிப்படி கைப்பிடி ஆடுது, அதைப் பத்திப் பேசினேன். மேல தொட்டியில பாசி. பேசிக்கிட்டே கேட் வரைக்கும் கூடவே போனேன். மனுஷன் தப்பிச்சோம் பிழைச்சோம்னு ஓடிட்டாரு.

உள்ள வந்து தண்ணி குடிக்கும்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். கப்பல் போற நேரம் தாண்டிடுச்சு. ஓனர்கிட்டப் பேசினப்ப அவ நினைப்பே எனக்கு வரல. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். நீ பார்த்தா சிரிச்சிருப்ப, இல்ல நீயும் அழுதிருப்ப.

நீ கட்டினதை எல்லாம் அவிழ்த்துட்டேன். எது எங்க இருந்துச்சுன்னு தெரியல, தோணின இடத்துல வச்சிருக்கேன். டம்ளரைப் பார்த்தா கண்டிப்பா திட்டுவ. வந்து திட்டு.

உன் வீட்டுக்காரன்


மே 1

என்னங்க,

ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. ரெண்டாவதை காவல்காரர், பீப்பாய், அந்த நாய் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ஓனரை ஓட ஓட விரட்டின இடத்துல பீப்பாய் கைதட்டினாரு. இது நிஜமா நடந்ததுதானே? நான் தெருவுல சொல்ற மாதிரி கதை இல்லையே? ஆமா, சொன்னேன்தான். பக்கத்துல இல்லாத ஆளைப் பத்திப் பேசிப் பேசித்தானே பக்கத்துல வச்சுக்க முடியும்? நீங்க எழுதற நாலு வரியை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் எப்படி ஓட்டறது? சுறா கொஞ்சம் அதிகம்தான். ஒத்துக்கறேன்.

அவளை அனுப்பி வச்சதைச் சொல்லணும். உங்களுக்குக் கேக்கப் பிடிக்குமான்னு தெரியல, ஆனா சொல்றதுக்கு என்னை விட்டா யாரு? காலையில இழுத்துக்கிட்டுப் போனாங்க. பழைய ஆளுங்க படகுல உங்க இடத்துல நான் உக்காந்தேன். பீப்பாய்தான் உள்ள போயி வால்வைத் திறந்துட்டு வந்தாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் பின்பக்கம் மெதுவா இறங்குச்சு. உள்ள இருந்த காத்து ஒவ்வொரு ஓட்டை வழியாவும் வெளியில வந்து ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, பெருமூச்சு விடற மாதிரி.

சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். முன்பக்கம் தண்ணிக்கு மேல நிமிர்ந்து நின்னப்ப, என்னையும் அறியாம "போய்ட்டு வா"ன்னுட்டேன். வாசல்ல நின்னு உங்ககிட்டச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் ஆச்சே. பீப்பாய் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "அண்ணி, இவ வர மாட்டா"ன்னாரு. அதுக்கப்புறம் என்னால அடக்க முடியல. உங்களைப் பத்திரமா திருப்பித் திருப்பி அனுப்பி வச்சவ அவதானேங்க. ஒரு தடவையாவது நான் அவளைப் பார்க்க வந்திருக்கலாம்.

டிக்கெட்டை பாப்பாவுக்கே திருப்பி அனுப்பிட்டேன். உங்கப்பா பேச ஆரம்பிச்சுட்டாரு, நான் கேக்கப் போகணும்னு எழுதினேன். மூணாம் தேதி சாயங்காலம் வண்டி. அஞ்சாம் தேதி காலையில ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிச்சு வருவேன். நீங்க எங்கேயும் கிளம்பிடாதீங்க. தயவு பண்ணி இருக்கற இடத்துலயே இருங்க. மறுபடி குறுக்கும் நெடுக்குமா போக என் இடுப்புல தெம்பு இல்ல.

அதே ஆளுதான்


மே 5

வீட்டம்மாவுக்கு,

இதைத் தபால்ல போடப் போறதில்ல. காலையில வர்ற பஸ் வந்துடுச்சு, நீ அதுல இல்ல. வண்டி தாமதம்னு மருந்துக்கடைக்காரர் விசாரிச்சு வந்து சொன்னாரு. அடுத்த பஸ் வர இன்னும் நேரம் இருக்கு. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து கால் ஓய்ஞ்சுபோச்சு.

ஒரே ஒரு பஸ்தான் நீ இல்லாம வந்திருக்கு. அதுக்கே வழியில ஏதாவது ஆயிடுச்சோ, மனசு மாறிட்டியோன்னு கண்டதும் தோணுது. தெருவுல யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து போறேன். நீ எத்தனை பஸ்ஸுக்கு இப்படி நின்னிருப்ப? நான் வர முடியாதுன்னு எழுதின கடுதாசி உனக்குக் கிடைக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் இந்த வாசல்ல வந்து நின்னிருப்ப? எனக்கு அங்க வேலை இருந்துச்சும்மா. உனக்கு நிக்கறது மட்டும்தானே இருந்துச்சு.

எழுதும்போது எனக்கு எல்லாம் வருது. நீ நேர்ல வந்து நிக்கும்போது வராமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. ஓனர்கிட்டப் பேசிடலாம், அவரு யாரோ. உன்கிட்டப் பேசறதுதான் கஷ்டம். அதனால இதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு பஸ் நிறுத்தத்துல நிக்கப் போறேன். உன்னைப் பார்த்ததும் பேச்சு வந்துட்டா நல்லது. வரலன்னா இதை உன் கையில கொடுத்துடுவேன். ஆளுங்க பார்த்தா பார்க்கட்டும், அங்கேயே நின்னு படிச்சுடு.

இந்த வீட்டுல நீ இல்லாம என்னால ஒரு நாள் கூட இருக்க முடியல. நீ பேசு. பேச்சை நிறுத்தினா ஏன்னு கேப்பேன், தெரியலன்னா திரும்பவும் கேப்பேன். நீ திட்டினாலும் கேப்பேன்.

படிச்சு முடிச்சதும் பையைக் கீழ வை. நான் தூக்கிக்கறேன்.